நான் பாதியில் நிறுத்திய ஆட்டங்கள்

ஆடி முடித்த ஆட்டத்துக்கு யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பாதியில் நின்றுபோன ஆட்டத்துக்குத்தான் ஆள் வேண்டும், அந்த ஆளாக இருப்பது என் தொழில்.

பொங்கல் விளையாட்டுப் போட்டியில் மியூசிக்கல் சேருக்கு நடுவராக நின்று இரண்டு குடும்பத்தோடு பேச்சுவார்த்தை அறுந்தவர்கள், கோலப்போட்டிக்கு மார்க் போட்டுவிட்டுச் சுற்றுவழியாக வீட்டுக்குப் போனவர்கள், இரண்டு பிள்ளைகளைப் பெற்றுவிட்டுத் தினம் நாலு தடவை ‘முதல்ல யார் அடிச்சது’ என்று விசாரணை நடத்துகிறவர்கள், எல்லோரும் என் இனம். உங்களிடம் சொன்னால்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் கோபால் சார் என்று ஒருவர், நாலைந்து பேரை வைத்துக்கொண்டு சதுரங்கம் ஆடும் கம்ப்யூட்டர் புரோகிராம் ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறார். அதில் யாராவது ஒரு மாற்றம் செய்தால், அது உருப்படியான மாற்றமா என்று பார்க்க வேண்டும். மாற்றம் செய்த ‘புதுசை’யும் செய்யாத ‘பழசை’யும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோத விடுவோம். ஒவ்வொரு ஆரம்பத்தையும் இரண்டு தடவை ஆட வேண்டும். ஒரு தடவை புதுசுக்கு வெள்ளைக்காய், மறு தடவை பழசுக்கு. இந்த மோதல் நடப்பது நெய்வேலி பதினெட்டாம் பிளாக்கில், எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னறையில், என் பொறுப்பில் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களில். ஏதாவது காரணத்தால் முடியாமல் நின்ற ஆட்டங்களுக்கு வெற்றி, தோல்வி, டிரா என்று எழுதுவது நான்.

கல்லூரியில் படிக்கும்போது மாவட்ட அளவில் ஆடியவள் என்பது என் தகுதி. ஒரு இடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாதவள் என்பதை வேலைக்குச் சேரும்போது நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

சட்னி அரைத்த நேரம்

என் கணவருக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. இரண்டாம் ஷிப்ட் உள்ள வாரங்களில் காலையில் வீட்டில் இருப்பார், உதவி செய்கிறேன் என்று சமையலறைக்குள் நுழைவார். சமையலறை பிளக் பாயிண்ட் கெட்டுப்போயிருந்தது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிறேன் என்று நான்தான் ஒரு வாரமாக நாள் கடத்திக்கொண்டிருந்தேன். மனிதர் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்து, ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டார். நான் வாசலில் கீரைக்காரம்மாவிடம் நின்றிருந்தேன். மிக்ஸி சத்தம் தப்பான அறையிலிருந்து வருகிறதே என்று ஓடி வந்தபோது ஒரு கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது.

நின்றுபோன ஆட்டத்தில் புதுசின் கை ஓங்கியிருந்தது. தனக்கு ஒரு யானை அளவு லாபம் என்று அதுவே கணக்குச் சொல்லியிருந்தது. நானும் ‘புதுசுக்கு வெற்றி’ என்று எழுதி அனுப்பிவிட்டு இட்லியைச் சட்னியில் தொட்டேன். இரண்டாவது இட்லிக்குள் கோபால் சாரிடமிருந்து போன் வந்துவிட்டது. இனிமேல் மின்சாரத்தால் நின்ற ஆட்டத்துக்குத் தீர்ப்பே கூடாது, அதையும் அதன் ஜோடி ஆட்டத்தையும் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டையும் புதிதாக ஆட விட வேண்டும் என்று அன்றைக்குத்தான் சட்டம் வந்தது. சட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டு அவர் கேட்டார்: “ஏனுங்க மேடம், ஜெயிக்கறேன்னு சொல்றவனையே கூப்பிட்டுக் கேட்டுத் தீர்ப்பு எழுதறதுக்கு, நடுவுல நாம எதுக்குங்க?”

ஒன்றுவிட்ட தம்பியின் சாட்சி

அதற்குப் பிறகு நான் உஷாரானேன். புரோகிராமே கோளாறாகி உறைந்துபோகிற ஆட்டங்களுக்கு மட்டும் தீர்ப்பு எழுதுவேன். அதிலும் ஆடுகிற இரண்டு பேரின் கணக்கையும் பார்ப்பேன், போதாததற்கு வெளியாள் ஒருவரையும் கேட்பேன். வெளியாள் என்பது வேறொருவர் எழுதிய மூன்றாவது புரோகிராம். பலகையில் ஏழு காய்க்குள் வந்துவிட்டால் வம்பில்லை. அந்த நிலைகளுக்கெல்லாம் முடிவைக் கணக்கிட்டு வைத்த பட்டியலே இருக்கிறது. காய்கள் மண்டிக் கிடக்கும்போதுதான் தலைவலி.

அப்படி ஒரு ஆட்டம் ஐம்பத்திரண்டாவது நகர்த்தலில் உறைந்தது. வெள்ளைக்கு நல்ல லாபம் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்று சாட்சி போதாதா? வெள்ளைக்கு வெற்றி என்று எழுதினேன். மறுநாள் மதிவாணன் கூப்பிட்டான். எங்கள் குழுவில் புரோகிராம் எழுதுகிற பையன், நெல்லிக்குப்பம், அப்பாவுக்குக் கரும்பு விவசாயம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான், ஆறு மாதக் கான்ட்ராக்ட். பலகையை ஒரு தடவை கண்ணால் பாருங்களேன் என்றான். பார்த்தேன். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். வெள்ளையிடம் ஒரு யானை அதிகம், உண்மைதான். அந்த யானை உள்ளே நுழைய ஒரு சந்துகூட இல்லை. ஆயிரம் நகர்த்தல் ஆடினாலும் டிராதான்.

மூன்று பேரும் எப்படி ஒன்றாகத் தப்பு செய்தார்கள் என்று விசாரித்தால், நான் வெளியாள் என்று கூட்டி வந்தது எங்கள் புரோகிராமின் பழைய ஆட்டங்களையே பாடமாகப் படித்து வளர்ந்ததாம். அண்ணனுக்குத் தம்பி சாட்சி, தம்பிக்கு ஒன்றுவிட்ட தம்பி சாட்சி. தீர்ப்பைத் திருத்தினேன். என் முகத்தைப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்த தைரியத்தில் மதிவாணன் சொன்னான்: “மதிலுக்கு அந்தாண்ட நின்னுக்கினு இது என் வூடுன்னு சொன்னா, வூடு ஆயிடுமாக்கா?”

எட்டை நாலாக்கினேன்

அந்த முட்டிக்கொண்ட ஆட்டம் மதிவாணனைப் பிடித்துக்கொண்டது. அப்படிப்பட்ட இடத்தில் புரோகிராம் அவசரப்படாமல், காய்களையெல்லாம் பின்னால் இழுத்து, இருபது முப்பது நகர்த்தலுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இடம் மாற்றி அடுக்கி, அப்புறம் எதிராளி காவல் இல்லாத பக்கத்தைத் திறக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க அவன் ஐந்து மாதம் உழைத்தான். இந்த மாற்றம் சோதனையில் தேறினால் அவனைப் பர்மனென்ட் ஆக்குவதாகக் கோபால் சார் சொல்லியிருந்தார். பர்மனென்ட் என்ற வார்த்தைக்கு நெய்வேலியில் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் கேட்பதே அதைத்தான். தேறாவிட்டால் மாதக் கடைசியோடு கான்ட்ராக்ட் முடிந்தது.

சோதனையில் நேரத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழக்கம் உண்டு. நாற்பது நகர்த்தல் தாண்டிய பிறகு, ஆடுகிற இரண்டும் தொடர்ந்து எட்டு நகர்த்தல் ‘சமமாக இருக்கிறது’ என்று சொன்னால், டிரா என்று எழுதி ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். எனக்கு அந்த மே மாத வெயிலில் பொறுமை இல்லை. இரண்டு கம்ப்யூட்டரும் அனலைக் கக்குகின்றன, அவற்றின் விசிறிகள் கொர்ரென்று கத்துகின்றன, ஆட்டங்களோ நகருகிற வழியாக இல்லை. சோற்றை வடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே ஆட்டம், துணியைக் காயப்போட்டுவிட்டு வந்து பார்த்தால் குதிரை ஒரு கட்டம் பின்னால் போயிருக்கிறது. நான் நாற்பதை முப்பதாக்கினேன், எட்டை நாலாக்கினேன். யாரையும் கேட்கவில்லை. எட்டு நாள் ஆக வேண்டிய சோதனை நாலு நாளில் முடிந்தது. புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசமே இல்லை, மாற்றம் தேறவில்லை என்று அறிக்கை அனுப்பினேன். கோபால் சார் உடனே பதில் போட்டார்: “சூப்பருங்க மேடம், இத்தன வேகமா முடிச்சுட்டீங்களே.”

சராசரி

மதிவாணன் அன்றைக்கே கூப்பிட்டான். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறானாம், பின்னால் கண்டக்டர்கள் ஊர் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவனோ ஆட்டங்கள் சராசரியாக எத்தனை நகர்த்தல் போயின என்று மட்டும் கேட்டான். பார்த்துச் சொன்னேன், முப்பத்தெட்டு. முப்பத்தெட்டா என்று ஒரு தடவை திருப்பிக் கேட்டுக்கொண்டான். அப்புறம் அவன் சொன்னான்: “சரிக்கா. பஸ் வந்துடுச்சு, வெக்கறேன்.”

தனம் வந்த மத்தியானம்

பக்கத்து குவார்ட்டர்ஸ் தனத்துக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர். ஊருக்குப் போய்விட்டு வந்தால் ஒரு தூக்கு நிறையப் பலாச்சுளை என் வீட்டுக்கு வந்துவிடும். அன்றைக்கும் வந்தாள். நான் அறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பின்னறை நாற்காலியில் உட்கார்ந்து திரையை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தாள். வேறு ஏதோ ஒரு சின்ன சோதனை ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்குச் சதுரங்கம் தெரியாது. காய்கள் தானாக நகர்வதே வேடிக்கை.

“இது ஏன் நின்னுடுச்சு?” என்றாள். டிரா என்றேன். “கரண்ட் போச்சா?” இல்லை. “மிஷினு கெட்டுடுச்சா?” அதுவும் இல்லை, நேரம் மிச்சமாக நான்தான் ரூல் போட்டு நிறுத்துகிறேன் என்றேன். சுளையிலிருந்து கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டபடி, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: “தானா நின்னதுக்கு நீ பஞ்சாயத்து பண்ற, சரி. ஓடிக்கினு இருந்தத நீயே நிறுத்திட்டு நீயே சமம்னு சொன்னா, அது என்னாம்மா பஞ்சாயத்து?”

கயிற்றை இழுத்தவர்

அவள் போனதும் மதிவாணனின் சோதனையிலிருந்து நான் டிரா என்று நிறுத்திய இருபது ஆட்டங்களை எடுத்து, நிறுத்திய இடத்திலிருந்தே தொடர்ந்து ஆட விட்டேன். புதுசு ஒன்பதில் ஜெயித்தது, இரண்டில்தான் தோற்றது. அவன் சொல்லிக்கொடுத்ததே ஒன்றும் நடக்காத மாதிரி முப்பது நகர்த்தல் ஆடுவதை. நான் நாலு நகர்த்தல் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் கையைத் தட்டி எழுப்பிவிட்டிருக்கிறேன். எட்டாகவே விட்டிருந்தாலும் பாதி ஆட்டங்கள் தப்பியிருக்காது என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். பாதியாவது தப்பியிருக்கும் என்பதும் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. இதை வெளியே சொன்னால் என் வேலை போகலாம், சொல்லாவிட்டால் அவன் வேலை போவது உறுதி. செருப்பை மாட்டிக்கொண்டு பிளாக் கடைசி வரைக்கும் மூன்று தடவை போய்விட்டு வந்தேன்.

முதல் ஷிப்ட் முடிந்து வந்த கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். அவர்கள் சுரங்கத்தில் பெல்ட் ஓடும்போது ஆபத்து என்று தெரிந்தால், பக்கத்தில் கட்டியிருக்கும் கயிற்றை யார் வேண்டுமானாலும் இழுத்து நிறுத்தலாம். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் யார் இழுத்தது, எத்தனை மணிக்கு, எதற்கு என்று லாக் புக்கில் எழுதியாக வேண்டும். இருபது வருஷமாக அதில் ஊறிய மனிதர். கோவில்பட்டிக்காரர், ஆறுதலாகப் பேசுவதெல்லாம் வராது. ரசத்தை ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுச் சொன்னார்: “கயித்த இழுத்தவன் பேர எழுதாம பெல்ட்டு மறுபடி ஓடாதுல்லா. நீதான இழுத்த? எழுது.”

ஆறாம் நாள்

எழுதினேன். கோபால் சார் கத்தவில்லை. எல்லா ஆட்டத்தையும் கடைசி வரைக்கும் ஆட விடுங்கள், எதையும் நிறுத்தாதீர்கள் என்று மட்டும் சொன்னார். அப்படி ஆட விட்டால் பதினோரு நாள் ஆகும். மதிவாணனின் கான்ட்ராக்ட்டில் மிச்சம் இருந்தது ஆறு நாள். சென்னையில் ஒரு கம்பெனி அவனை வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. அதற்கும் அந்த ஆறாம் நாள் சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஆறு நாளும் நான் வீட்டில் ஒரு வேலையையும் ஒழுங்காகச் செய்யவில்லை. பாலைப் பொங்கவிட்டேன், குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். கால் மணிக்கு ஒரு தடவை போய்த் திரையைப் பார்த்தேன். ஆறாம் நாள் மத்தியானம் புதுசு முன்னால் இருந்தது. தேறுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் மதிப்பெண் கோட்டைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கோபால் சார் கூப்பிட்டு, பாதியில் நின்ற ஆட்டத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறவர்தானே நீங்கள், இந்தப் பாதிச் சோதனைக்கும் நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுங்கள், தேறியது என்றால் இன்றைக்கே அவனைப் பர்மனென்ட் ஆக்கிவிடுகிறேன் என்றார். ‘தேறியது’ என்ற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லியிருந்தால் என் கடனும் தீர்ந்திருக்கும். ஆனால் நிறுத்தியதால் வந்த வினையை இன்னொரு தடவை நிறுத்திச் சரிக்கட்டுவதா என்று நாக்கு மடங்கிக்கொண்டது. சோதனை முடியவில்லை சார், இன்னும் ஐந்து நாள் ஆட்டம் இருக்கிறது என்றேன். அந்த ஐந்து நாளுக்குக் கான்ட்ராக்ட்டை நீட்டுகிறேன், ஆனால் சென்னை காத்திருக்காது, பையனைக் கேளுங்கள் என்றார்.

மதிவாணனிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். எட்டை நாலாக்கியதையும் சொன்னேன், இப்போது முன்னால் இருக்கிறாய் என்பதையும், நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பதையும் சொன்னேன். இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி என்று அவன் கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: “நீங்க நிறுத்தி நான் தோத்தது போதும்க்கா. நீங்க நிறுத்தி நான் ஜெயிக்கவும் வேணாம். ஓடட்டும்.”

பதினோராம் நாள்

ஏழாம் நாள் புதுசின் லாபம் குறைந்தது. எட்டாம் நாள் இன்னும் குறைந்தது. முட்டிக்கொண்ட ஆட்டங்களில் மதிவாணன் சொல்லிக்கொடுத்த பொறுமை ஜெயித்துக் கொடுத்தது. ஆனால் பலகை திறந்து கிடந்த ஆட்டங்களிலும் அது அதே பொறுமையைக் காட்டிக் காய்களைப் பின்னால் இழுத்தது, அடிக்க வேண்டிய நேரத்தில் அடிக்காமல் விட்டது. எனக்குத் திரையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. சென்னைக் கம்பெனி அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துக்கொண்டது. பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்குக் கடைசி ஆட்டம் முடிந்தது. கோட்டுக்குக் கீழே. கொஞ்சம்தான் கீழே, ஆனால் கீழேதான்.

ஆறாம் நாள் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் பர்மனென்ட். அதை என் மனம் அன்றைக்கு எத்தனை தடவை சொல்லிக்காட்டியது என்று கணக்கில்லை. கோபால் சார் என் வேலையைப் பறிக்கவில்லை, அதுவும் உறுத்தியது. அறிக்கையை அனுப்புவதற்கு முன்னால் மதிவாணனைக் கூப்பிட்டு எண்ணைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன், அவன் அதற்கு இடம் கொடுக்கவில்லை. “எல்லாம் முடிஞ்சிடுச்சா? ஒண்ணுகூட நடுவுல நிறுத்தலியே?” என்று கேட்டான். ஒன்றுகூட இல்லை என்றேன். மூச்சை விட்டுவிட்டு, நான் பயந்த கோபம் எதுவும் இல்லாமல், ஏதோ வெயிலில் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவன் குரலில் சொன்னான்: “அப்ப சரிக்கா. அன்னைக்கி நான் தோக்கல. இப்பதான் தோத்தேன்.”

சக பாவிகளே, தப்பாகத் தீர்ப்பு எழுதிய அன்றைக்கு நான் மத்தியானம் படுத்து நன்றாகத் தூங்கினேன், சரியாக எழுதிய நாளிலிருந்துதான் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.